வாறன் என்று சொன்ன பிள்ளை

வசந்தினி பயப்படாத பொருள் ஒன்றை மொன்ட்ரியால் முழுக்கத் தேடினாலும் கண்டுபிடிப்பது கஷ்டம். மெட்ரோவின் நகரும் படிக்கட்டுக்குப் பயம். கூரையிலிருந்து விழும் பனிக்கட்டிக்குப் பயம். மேல்வீட்டுக்காரரின் நாய் கிழடு, வாயில் பல்லும் இல்லை, அதற்கும் பயம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவளுக்குப் பட்டப்பகலிலும் பேய் தெரியும். அப்படிப்பட்டவள் ஒரு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம் காரில் போய், மலைக்கு மேலே இருக்கும் ஏரி ஒன்றைச் சுற்றி நடக்கச் சம்மதித்தாள் என்றால் அதற்கு அஞ்சலீனாதான் காரணம்.

அஞ்சலீனா மட்டக்களப்புக்காரி. சென்ட் லோரன்டில் இருவரும் ஒரே மருந்துத் தொழிற்சாலையில், ஒரே பெல்ட்டின் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்று குளிசைப் பெட்டி அடுக்குகிறவர்கள். போன வருடம் அவள் அந்த ஏரிக்குப் போய் வந்தாளாம். பாதை சமதரையாம். ஐந்து வயதுப் பிள்ளைகூட நடக்குமாம். மரங்கள் சிவக்கிற இந்த இரண்டு கிழமையை விட்டால் பிறகு ஆறு மாதம் பனிதான் என்று பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு மாதமாக ஓதினாள். வீட்டில் மகள் தக்ஷினி ஓதினாள். ஏழு வயது. வகுப்பில் எல்லோரும் மலைக்குப் போய்விட்டார்களாம், அவள் ஒருத்திதான் மிச்சமாம். கணவன் நிர்மலன் ஒன்றும் ஓதவில்லை. வெள்ளிக்கிழமை இரவே கோழியை வெட்டி ஊறவைத்துவிட்டான். அவன் சம்மதம் எப்போதும் அப்படித்தான் வரும்.

வெளிக்கிடும்போதே ஒரு சின்னச் சச்சரவு. மாடிப்படியில் படுத்திருந்த அந்தப் பல்லில்லாத நாய்க்குக் கைகாட்டி, "நான் போறன்" என்று சொன்னாள் தக்ஷினி. கீழே போய்க்கொண்டிருந்த வசந்தினி அப்படியே நின்றுவிட்டாள்.

"போறன் எண்டு சொல்லக்கூடாது."

"நான் போறன் தானே, அம்மா."

"போனாலும் சொல்லக்கூடாது. வாறன் எண்டு சொல்லுங்கோ."

"போகேக்க வாறன்?"

ஓம் என்றாள் தாய். ஏன் என்று கேட்டதற்கு அது அப்பிடித்தான் என்றாள். தக்ஷினி தோளைக் குலுக்கினாள். தமிழ் ஒரு கோணல் பாஷை என்று அவள் ஏற்கெனவே முடிவுகட்டி வைத்திருந்தாள். திரும்பிப்போய் நாய்க்கு முன்னால் குனிந்து, மிகவும் பணிவாக, "வாறன்" என்று சொன்னாள். பிறகு அதுவே விளையாட்டாகிவிட்டது. பெற்றோல் அடித்த இடத்தில் குழாய்க்கு ஒரு வாறன். தெப்பனேர் என்கிற மூலைக்கடையில் கடைக்காரருக்கு ஒரு வாறன். வழியில் நின்ற கழிவறையின் கதவுக்கும் ஒரு வாறன். நிர்மலன் சிரித்த சிரிப்பில் கார் ஒருமுறை கோட்டைத் தாண்டியது, வசந்தினி அதற்கும் பயந்தாள்.

போறன் என்ற சொல்லில் அவளுக்கு ஒரு காயம் இருந்தது. கிளிநொச்சியில் சண்டை நெருங்கிய வருடம், அவளுடைய அண்ணன் ரதீசன் சைக்கிளை எடுத்துக்கொண்டு "போறன்" என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் வாசல் படலையைத் தாண்டினான். அன்றைக்கு அவனோடு ஏதோ சண்டை. வசந்தினி நிமிர்ந்து பார்க்கவுமில்லை, அந்தச் சொல்லைத் திருத்தவுமில்லை. அவன் திரும்பி வரவில்லை. செல் குண்டு விழுந்தது யாருடைய சொல்லைக் கேட்டும் அல்ல என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன, அதற்குப் பிறகு அவள் வீட்டிலிருந்து யாரும் போனதில்லை. எல்லோரும் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

ஏரி அழகாகத்தான் இருந்தது, அதை அவளும் மறுக்கவில்லை. கிளிநொச்சி வசந்தினிக்கு அது குளம். மட்டக்களப்பு அஞ்சலீனாவுக்கு அது வாவி. நுழைவாசல் பலகையில், பிரெஞ்சில், லாக். சுற்றிவர மலை, மலை முழுக்கச் சிவப்பும் மஞ்சளும், நடுவில் கறுத்த தண்ணீர். அந்தக் கறுப்புத்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை. அடி தெரியாத தண்ணீரை அவள் நம்புவதில்லை, அவளுக்கு நீந்தவும் தெரியாது.

நிர்மலனுக்கு முழங்கால் கோளாறு. கரையிலுள்ள மேசையடியில் கரியை மூட்டிக் கோழி சுடுவது தன் பங்கு என்று இருந்துவிட்டான். பெண்கள் மூவரும் நடந்தார்கள். சுற்றிவர ஐந்து கிலோமீட்டர். கரடி வந்தால் தட்டிச் சத்தம் போடவென்று வசந்தினி ஒரு சில்வர்த் தட்டும் கரண்டியும் பையில் வைத்திருந்தாள். அதைக் கண்டு அஞ்சலீனா, "கரடிக்குச் சோறு போடப் போறியா புள்ள" என்று கேட்டாள்.

பாதி தூரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று ஏரிக்கரையோடு போனது. மற்றது மரங்களுக்குள் ஏறியது. அதன் வாயில் நின்ற பலகையில் ஓர் அருவியின் படம். தக்ஷினி படத்தைக் கண்டாள், அருவி பார்க்கவேண்டும் என்றாள். வசந்தினி ஏற்றத்தைக் கண்டாள், "பேந்து" என்றாள்.

பேந்து என்றால் பிறகு. ஆனால் தாய்மாரின் வாயில் அதற்கு இல்லை என்று அர்த்தம் என்பது தமிழ் வீடுகளில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். தக்ஷினி தமிழ் வீட்டில் வளர்ந்தாலும் தமிழைச் சொல்லுக்குச் சொல் நம்புகிற பிள்ளை.

பிரிவைத் தாண்டி நூறு அடியில் தண்ணீரோரமாக உட்கார ஒரு மர வாங்கு. அஞ்சலீனாவுக்கு மூச்சு வாங்கியது, இருந்தார்கள். பிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றினார்கள், ரோல்ஸ் சாப்பிட்டார்கள். பிறகு கதை தொழிற்சாலைக்குப் போனது. புதிய சூப்பர்வைசர் யாரை எந்த நேர வேலைக்குப் போடப்போகிறான் என்ற கதை. அது தொடங்கினால் பக்கத்தில் மலை சரிந்தாலும் தெரியாது. தக்ஷினி தொப்பியைக் கழற்றிப் பாறையில் வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் கல் எறிந்துகொண்டிருந்தாள். நடுவில் வந்து ஏதோ கேட்டாள். வசந்தினி "ம்" என்றாள்.

தேநீர் முடிந்தது. பையைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டே, "தக்ஷினி, வெளிக்கிடுவம்" என்று குரல் கொடுத்தாள் வசந்தினி.

"அம்மா, வாறன்" என்று முதுகுப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

இருவரும் நடந்தார்கள். கதை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. இருநூறு முந்நூறு அடி போயிருப்பார்கள். பின்னால் சருகு மிதிபடும் சத்தம் இல்லை என்பதை வசந்தினியின் காது முதலில் கண்டுபிடித்தது. திரும்பினாள். பாதை வெறுமையாக இருந்தது.

கூப்பிட்டாள். பதில் இல்லை. ஓடினாள். வாங்கில் யாரும் இல்லை. பாறையில் நீலத் தொப்பி இருந்தது. பக்கத்தில், எறிய வைத்திருந்த ஐந்தாறு கற்கள் ஒரு குவியலாக இருந்தன. அதற்கு அப்பால் தண்ணீர். கரையிலிருந்து இரண்டு முழத்திலேயே அடி தெரியவில்லை.

வருகிறேன் என்று சொன்ன பிள்ளை. இந்த இடத்தில் நின்று சொன்ன பிள்ளை. வரவில்லை. இடையில் இருப்பது தண்ணீர் ஒன்றுதான். அந்தக் கணக்கு அவள் தலைக்குள் ஒரே நொடியில் முடிந்துவிட்டது, அதன் விடையைத் தாங்கத்தான் அவளிடம் தலை இல்லை. சப்பாத்தோடு இறங்கினாள். முழங்கால், தொடை, இடுப்பு. குளிர் எலும்பைக் கவ்வியது. கையைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவினாள்; சேறு வந்தது, ஒரு மரக்கொப்பு வந்தது, அந்தக் கொப்பைப் பிள்ளையின் கை என்று நினைத்து அவள் போட்ட சத்தத்தில் அக்கரையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அஞ்சலீனா மாதாவைக் கூப்பிட்டபடியே அவள் ஜாக்கெட்டைப் பின்னால் பிடித்து இழுத்துக் கரையில் போட்டாள்.

சின்ன வள்ளத்தில் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் நெருங்கி வந்து தண்ணீருக்குள் குனிந்து பார்த்தார். நாயோடு நடந்த தம்பதி ஒன்று காவலரைக் கூட்டிவர ஓடியது. ஃபோனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. ஏதாவது செய்யவேண்டும் என்பதற்காக வசந்தினி பையைக் கவிழ்த்துத் தட்டை எடுத்தாள். கரடிக்கென்று கொண்டுவந்த தட்டை, பிள்ளைக்காக அடித்தாள். அந்தச் சத்தம் மலையில் பட்டுத் திரும்பிவந்தது. வேறொன்றும் வரவில்லை.

அரை மணி நேரத்தில் பூங்காக் காவலர் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும், பச்சைச் சட்டை, இடுப்பில் ரேடியோ. அவள் முதலில் தொப்பியைப் பார்த்தாள், பிறகு தண்ணீரைப் பார்த்தாள். அந்தப் பார்வை போன வழியை வசந்தினியும் பார்த்தாள். ரேடியோவில் கரைக்குப் பேசினாள். மேசையடியில் நிர்மலன் இருந்தானாம். பிள்ளை அங்கே வரவில்லையாம். பிறகு காவலர் குரலைத் தாழ்த்தி வேறு யாருடனோ பேசினாள். வகுப்புக்குப் போய்ப் படித்த பிரெஞ்சு அன்றைக்கென்று வசந்தினிக்கு நன்றாகப் புரிந்தது. தண்ணீருக்குள் தேடும் சுழியோடிகள் என்ற சொல் புரிந்தது. படிக்காமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

கடைசியாகப் பிள்ளை என்ன சொன்னாள் என்று காவலர் கேட்டாள். வசந்தினி மொழிபெயர்த்தாள்: "ஜாரீவ்." இதோ வருகிறேன்.

காவலர் எழுதிக்கொண்டாள். எழுதிவிட்டு நிமிர்ந்து, பிரெஞ்சிலா சொன்னாள் என்று கேட்டாள். இல்லை, எங்கள் பாஷையில். அப்படியென்றால் அந்தப் பாஷையிலேயே, பிள்ளை சொன்ன மாதிரியே ஒருமுறை சொல்லுங்கள். குரல் கிட்டவா தூரவா, பயந்த குரலா, அது தெரியவேண்டும் என்றாள்.

வசந்தினி வாயைத் திறந்தாள். பல்லுக் கிடுகிடுத்தது. "அம்மா, வாறன்."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. அந்தப் பணிவு. கழிவறைக் கதவுக்குச் சொன்ன அதே பணிவு.

தக்ஷினி கூப்பிட்டால் வருகிற பிள்ளைதான். ஆனால் ஒருநாளும் தமிழில் வந்ததில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் ஜாரீவ். குளிக்கக் கூப்பிட்டால் ஜாரீவ். படுக்கக் கூப்பிட்டாலும் கட்டிலுக்கடியிலிருந்து ஜாரீவ். வருவதற்கு அவளிடம் பிரெஞ்சுச் சொல் இருந்தது, தமிழ்ச் சொல் தேவைப்படவே இல்லை. வாறன் என்பது இன்று காலையில் படியில் வைத்து அவள் படித்த சொல். போகும்போது சொல்லவேண்டிய சொல். படிப்பித்தவள் தாய்.

அப்போதுதான் நடுவில் வந்து பிள்ளை கேட்ட கேள்வியும், சூப்பர்வைசரின் கதைக்கு அடியிலிருந்து மெல்ல மேலே வந்தது. "அம்மா, பேந்து இப்பவா?" அதற்குத்தான் அவள் "ம்" என்றிருக்கிறாள்.

"அவள் வரேல்ல," என்றாள் வசந்தினி அஞ்சலீனாவிடம். "அவள் அருவி பாக்கப் போயிட்டாள். என்னட்டச் சொல்லிப்போட்டுத்தான் போனவள்."

காவலருக்கு அதை விளக்க அவளிடம் பிரெஞ்சு போதவில்லை. எங்களுக்குள் போவதை வருவது என்றுதான் சொல்வோம் என்று நடுங்கிக்கொண்டு ஒருத்தி சொன்னால், கேட்கிறவர் என்ன நினைப்பார்? புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைப்பார். காவலர் அவள் தோளில் கைவைத்து இருக்கச் சொன்னாள். வசந்தினி அந்தக் கையை உதறிவிட்டு ஓடினாள்.

பிரிவுக்கு ஓடி, ஏற்றத்தில் ஏறினாள். வேர்கள் படிபோலக் குறுக்கே கிடந்தன, நனைந்த சப்பாத்து ஒவ்வொன்றிலும் வழுக்கியது. முதலில் ஒரு சின்ன நிம்மதி இருந்தது: தண்ணீர் இல்லை, பிள்ளை தண்ணீருக்குள் இல்லை. பாதி ஏற்றத்தில் அருவியின் இரைச்சல் கேட்டது. அப்போது அந்த நிம்மதி போய்விட்டது. ஒரு தண்ணீருக்குத் தப்பி இன்னொரு தண்ணீருக்குத்தான் பிள்ளை போயிருக்கிறது. மேலே ஏற ஏற இரைச்சல் பெருத்து, அவள் கூப்பிடுவது அவளுக்கே கேட்காமல் போனது.

உச்சியில் பார்க்கிறவர்கள் நிற்பதற்கென்று பலகைத் தளம் அடித்து, சுற்றிவர மரக்கம்பி வேலி போட்டிருந்தார்கள். பலகையில் யாரும் இல்லை. வசந்தினி வேலியைப் பிடித்துக் கீழே பார்த்தாள்.

ஊதா ஜாக்கெட் தெரிந்தது. வேலியின் கீழ்க்கம்பிக்கு அடியால் நுழைந்து, அருவி எங்கே விழுகிறது என்று பார்க்கப் போயிருக்கிறாள். பாசி பிடித்த பாறை, சரிவு. ஓர் ஆள் நீளம் சறுக்கி, ஒரு வேரில் கால் முட்டி நின்றிருக்கிறாள். கன்னத்தைப் பாறையில் ஒட்டி, இரண்டு கையாலும் பாறையை அணைத்துக்கொண்டு கிடந்தாள். அவள் வாய் அசைந்துகொண்டே இருந்தது. எவ்வளவு நேரமாகக் கூப்பிடுகிறாளோ, அருவி அத்தனையையும் விழுங்கிக்கொண்டிருந்தது. வேருக்குக் கீழே ஒன்றும் இல்லை, வெள்ளைப் புகைதான்.

கத்தக்கூடாது என்று வசந்தினிக்குத் தெரிந்தது. கத்தினால் பிள்ளை திடுக்கிடும். வாழ்நாள் முழுக்கக் காரணமில்லாமல் பயந்தவளுக்குக் காரணம் கிடைத்த அந்த இடத்தில், பயம் அவளை விட்டுப் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். பயந்துகொண்டேதான் பலகையில் குப்புறப் படுத்தாள், கம்பிக்கு அடியால் தலையை விட்டாள், சப்பாத்து நுனியைத் தூணில் கொளுவிக்கொண்டு பாறையில் வயிற்றால் ஊர்ந்தாள். கை நீட்டினாள். ஒரு சாண் குறைந்தது. இன்னும் ஊர்ந்தால் கால் தூணை விட்டுவிடும். விட்டது. அதே நேரத்தில் சின்ன மணிக்கட்டு அவள் கைக்குள் வந்தது.

இருவரும் சேர்ந்து ஒரு விரற்கடை சறுக்கினார்கள். அதற்கு மேல் சறுக்கவில்லை. யாரோ வசந்தினியின் இரண்டு கணுக்காலையும் பிடித்திருந்தார்கள். அவள் சொன்ன இலக்கணம் புரியாவிட்டாலும் அவள் ஓடிய ஓட்டத்தை நம்பி, அந்தப் பச்சைச் சட்டைக்காரி பின்னாலேயே ஓடி வந்திருந்தாள்.

காவலர் இருவரையும் பலகையில் இழுத்துப் போட்டாள். தன் ஜாக்கெட்டைக் கழற்றித் தக்ஷினிக்குச் சுற்றினாள். வசந்தினி பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள், பத்தும் இருந்தன. கடைசியில் பிள்ளை தாயின் காதுக்குள் வாயை வைத்துக் கேட்டது.

"ஏன் அம்மா நீங்கள் வரேல்ல? நான் வாறன் எண்டு சொன்னனான் தானே. நீங்கள் 'ம்' எண்டு சொன்னீங்கள்."

ஓம் பிள்ளை, சொன்னனான், என்று மட்டும் சொன்னாள் வசந்தினி.

கீழே இறங்கும் வழியில் பார்த்தால், நிர்மலன் முழங்காலை மறந்து பாதி வழி ஏறி வந்திருந்தான். யாரையும் ஏசவில்லை. பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு காருக்கு நடந்தான். கோழி கரியாய்ப் போயிருந்தது. அஞ்சலீனா வழியெல்லாம் அழுதாள். பாதை சமதரைதான், பாதை சமதரைதான் என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு வந்தாள். கார் வெளிக்கிடும்போது தக்ஷினி கண்ணாடி வழியே ஏரியைப் பார்த்து வாயைத் திறந்தாள். பிறகு தாயின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள். வசந்தினிக்கு அருவியைவிட அதுதான் நெஞ்சைப் பிடித்தது.

ஞாயிறு இரவு முழுக்க அவள் யோசித்தாள். ஊரில் வெறும் வாறன் என்று மட்டும் சொல்கிறவர்களும் உண்டு. ஆனால் முழுச் சொல் போட்டு வாறன், போய்விட்டு வருகிறேன். போவதும் அதில் இருக்கிறது, வருவதும் இருக்கிறது. ரதீசனுக்குப் பிறகு முன்பாதியைக் கேட்கப் பயந்து, அவள்தான் அதை வெட்டி எறிந்துவிட்டுப் பின்பாதியை மட்டும் பிள்ளையின் கையில் கொடுத்திருந்தாள்.

திங்கள் காலை பள்ளிக்கூடத்துக்கு நடக்கும்போது சொல்லிக்கொடுத்தாள். "போட்டு வாறன் எண்டு சொல்லவேணும். போறது முதல், வாறது பேந்து. ரெண்டும் சொல்லவேணும்."

"பேந்து எண்டால் உண்மையான பேந்தா?"

"ஓம். உண்மையான பேந்து."

தக்ஷினி வழிநெடுகச் சொல்லிப் பழகினாள். போட்டு வாறன், போட்டு வாறன் என்று ஒவ்வொரு மின்கம்பத்துக்கும் ஒன்று. பள்ளிக்கூட வாசலுக்கு வந்தபோது மணி அடித்துவிட்டது. அவள் வகுப்பு றொசானா ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தாள். தக்ஷினி இழுபட்டுக்கொண்டே திரும்பினாள்.

"அம்மா, போட்டு..."

கதவு மூடிக்கொண்டது.

வசந்தினி கம்பிவேலியைப் பிடித்தபடி நின்றாள். சேர்ந்து நின்ற தாய்மார் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். தொழிற்சாலைக்குப் போகிற பஸ் வந்து, நின்று, அவளை ஏற்றாமல் போனது. கேட்க யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மிச்சத்தைத் தக்ஷினியின் குரலில் அவளே சொன்னாள்.

"வாறன்."

பள்ளிக்கூடம் விட மூன்றரை ஆகும்.